ஒலிம்பிக் ஆசையும் பிறந்த ஆண்டும்: திருகோணமலையில் ஒரு ஜிம்னாஸ்டிக் வகுப்பு

உவர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கிழமைக்கு மூன்று பின்னேரம் சிறுவர் ஜிம்னாஸ்டிக் வகுப்பு நடக்கிறது. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரையான பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வகுப்பு ஒன்றரை மணித்தியாலம், மாதக் கட்டணம் 3,000 ரூபா, அதே வீட்டிலிருந்து வரும் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. பயிற்றுநர்கள் இருவர், ஒரு மிஸ், ஒரு சேர். வகுப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. வாசலில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே நடக்கும் பயிற்சி அந்த விளம்பரத்தைவிட எவ்வளவோ மேல்.

ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளையை நம்பிச் சேர்க்கலாம். பன்னிரண்டைத் தாண்டி, போட்டிக்குத்தான் போகவேணும் என்று நிற்கிற பிள்ளையைச் சேர்க்குமுன் சில கேள்விகளுக்குப் பதில் வாங்க வேண்டும்.

முதலில் அந்த விளம்பரம். பீம் எனும் ஒடுங்கிய சமநிலைக் கட்டையில் நிற்கும் ஒரு சின்னப் பெண் பிள்ளையின் படம், கீழே "இன்று 6 வயது, 12 வயதில் ஒலிம்பிக்!" என்று பெரிய எழுத்து. இது நடக்கவே முடியாத காரியம். சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தின் விதிப்படி, தரையிலும் பீம், பார் போன்ற கருவிகளிலும் ஆடும் ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் பெண்கள் 16 வயதை எட்டும் ஆண்டிலும் ஆண்கள் 18 வயதை எட்டும் ஆண்டிலும்தான் சீனியர் ஆகிறார்கள். ஒலிம்பிக்கும் உலகச் சம்பியன்ஷிப்பும் சீனியர்களுக்கு மட்டும். ஜூனியர்களுக்கென்று தனி உலகச் சம்பியன்ஷிப் 2019இல் ஹங்கேரியின் கியோர் நகரில்தான் முதன்முதல் நடந்தது. வேறு விளையாட்டுகளைப் பார்த்துக் குழம்பிப் போனார்களோ தெரியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டில் தங்கம் வென்ற ஜப்பான் பிள்ளை மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. சிரியாவின் ஹெண்ட் சாசா 12 வயதில் மேசைப்பந்து ஆடினார். அங்கே விதி வேறு. ஜிம்னாஸ்டிக்கில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எந்தக் கோச்சாலும் ஒலிம்பிக் மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது.

கணக்குப் பார்ப்பது பிறந்த ஆண்டை வைத்து. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 16 நிறைந்தால் சரி, போட்டி நடக்கும் நாளில் பிள்ளைக்கு இன்னும் பதினைந்தாக இருந்தாலும் தடையில்லை. 2028 லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெண் பிள்ளை 2012 அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும், ஆண் பிள்ளை 2010 அல்லது அதற்கு முன். 2032 பிரிஸ்பேனுக்கு முறையே 2016, 2014. இதைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் விளங்கும். 2019இல் பிறந்த மகளுக்கு 2032இல் 13 வயதுதான் ஆகும். அவளுக்குக் கிடைக்கக்கூடிய முதல் ஒலிம்பிக் 2036, அப்போது வயது 17. அதே ஆண்டில் பிறந்த மகனுக்கு 2036இலும் 17தான் என்பதால் இன்றைய விதிப்படி 2040 வரை பொறுக்க வேண்டும், அப்போது வயது 21. ஆறு வயதில் சேர்க்கிற பிள்ளைக்கு முன்னால் பத்து முதல் பதினைந்து வருடம் கிடக்கிறது. அந்தக் காலத்தை ஒரு வகுப்பு எப்படிச் செலவழிக்கிறது என்பதை வைத்துத்தான் அதைத் தரம்பிரிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு நாள் வித்தியாசம் நாலு வருடமாகிவிடுவதும் உண்டு. 2012 டிசம்பர் 31இல் பிறந்த பெண் 2028க்குப் போகலாம், மறுநாள் பிறந்தவள் 2032 வரை காத்திருக்க வேண்டும். அநியாயம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸைப் பாருங்கள். 1997 மார்ச்சில் பிறந்தவர், 2012 லண்டனுக்கு 15 வயது என்பதால் போக முடியவில்லை. 2016 ரியோவில் நாலு தங்கம். 27 வயதில் 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் ஓல்-ரவுண்ட் தங்கம், அதாவது எல்லாக் கருவிகளையும் சேர்த்த போட்டியில். உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசொவிட்டினா 1992 தொடக்கம் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்கில் இறங்கினார், 33 வயதில் பெய்ஜிங்கில் ஜேர்மனிக்காக ஆடி, ஓடிவந்து கருவியில் கை ஊன்றிப் பாயும் வோல்ட்டில் வெள்ளி வென்றார். இந்தியாவின் திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் ரியோவில் வோல்ட்டில் புரொதுனோவா என்ற கடினமான பாய்ச்சலைப் பாய்ந்து நாலாம் இடம் வந்தபோது வயது 23. எங்கள் நாட்டுக்கு ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் முதலில் இடம் எடுத்துத்தந்த மில்கா கெஹானி டோக்கியோவில் இறங்கியது 18 வயதில், அதற்கு முன் 2018இல் புவனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் ஆடியிருந்தார். வாசலில் ஒட்டுவதற்கு இந்தப் பெயர்களும் வயதுகளும் போதும். பொய் தேவையில்லை.

பதினாறு என்ற எண் ஒரே நாளில் வந்ததல்ல. ஹங்கேரியின் ஆக்னெஸ் கெலெட்டி 1956 மெல்பேர்னில் தங்கம் வென்றது 35 வயதில். 1976 மொன்றியலில் நாதியா கொமனேச்சி பத்துக்குப் பத்து எடுத்தபோது வயது 14, அன்றைய விதிப்படி அது சரியான வயது. அதன் பிறகு உலகம் முழுக்கச் சின்ன உடம்பைத் தேடி ஓடியது. 1981இல் எல்லை 15 ஆனது, 1997இல் 16 ஆனது. பனிச்சறுக்கு நடனத்தில் இதே முடிவுக்கு வர இன்னும் காலம் எடுத்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயதுக் கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்த பிறகு, அதே ஆண்டு அவர்கள் 15இலிருந்து 17க்குப் படிப்படியாக ஏற்றத் தீர்மானித்தார்கள்.

சின்ன உடம்புக்கு ஏன் இந்த மவுசு? உயரம் கூடக்கூட எடை ஏறும் வேகத்துக்குத் தசைப் பலம் ஏறுவதில்லை. காற்றில் சுழலும்போது உடம்பு நீளமாக இருந்தால் அதே வேகத்தில் சுற்ற இன்னும் கூடிய விசை வேண்டும். 135 சென்ரிமீற்றர்ப் பிள்ளை இலேசாகப் போடும் குத்துக்கரணத்தை 150க்கு வளர்ந்த பிறகு அதே பிள்ளையே தடுமாறித்தான் போடும். இந்த ஆதாயத்துக்காகத்தான் சில நாடுகள் பிறந்த ஆண்டையே மாற்றின. வட கொரியாவின் கிம் குவாங்-சுக்கை அடுத்தடுத்து மூன்று வருடம் 15 வயது என்றே பதிந்தார்கள், அந்த நாட்டுக்கு 1993 உலகச் சம்பியன்ஷிப்பில் தடை விழுந்தது. ஹொங் சு-ஜொங் விடயத்தில் மூன்று வெவ்வேறு பிறந்த ஆண்டுகள் வெளிப்பட்டு, 2010இல் மறுபடி இரண்டு வருடத் தடை வந்தது, லண்டன் 2012 கைவிட்டுப் போனது. சீனாவின் டொங் ஃபாங்சியாவோ 2000 சிட்னியில் 1983இல் பிறந்தவராகப் போட்டியிட்டார். 2008 பெய்ஜிங்கில் அதிகாரியாக வேலை செய்யப் பதிந்தபோது 1986 என்று கொடுத்திருந்தார். சிட்னியில் அவருக்கு 14 என்று முடிவாகி, 2010இல் சீன அணியின் வெண்கலம் பறிக்கப்பட்டு அமெரிக்க அணிக்குப் போனது. ருமேனியாவின் டானியெலா சிலிவாஸ் தன் பிறந்த ஆண்டை மாற்றியே அனுப்பினார்கள் என்று பிற்பாடு தானே சொன்னார்.

எங்கள் பக்கத்து விளையாட்டுப் போட்டிகளில் வயது மோசடி என்றால் வயதைக் குறைத்துக் காட்டுவதுதான், கீழ்ப் பிரிவில் ஆடவிட்டுக் கிண்ணம் எடுக்க. ஜிம்னாஸ்டிக்கில் கூட்டிக் காட்டினார்கள். இதைத் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு முக்கியம். வயதைக் குறைத்துக் காட்டினால் ஏமாறுவது எதிரணிப் பிள்ளைகள். கூட்டிக் காட்டினால், எலும்பு முற்றாத உடம்பில் முற்றிய உடம்புக்கான பாரம் ஏறுகிறது, அடிபடுவது அந்தப் பிள்ளையேதான்.

அந்த அடி எங்கே விழும் என்பது ஓரளவு தெரிந்த விடயம். முதலில் மணிக்கட்டு. பின்னுக்குப் பாய்ந்து கை ஊன்றிக் காலில் வந்து நிற்கும் பாக் ஹாண்ட்ஸ்பிரிங்கில் கை தரையில் படும்போது உடல் எடையின் இரண்டு மடங்குக்கும் மேல் மணிக்கட்டில் இறங்கும். முன்னங்கையின் ஆரை எலும்பு நுனியில், பெருவிரல் பக்கமாக, வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அந்தக் குருத்திலிருந்து. திரும்பத் திரும்ப நெரிபட்டால் அது வீங்கும், விரியும், மோசமானால் நேரத்துக்கு முன் மூடிப்போகும். ஆரை எலும்பு குட்டையாகி, பக்கத்து எலும்பு துருத்தி நின்று, வாழ்நாள் முழுக்க மணிக்கட்டு நோகலாம். பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு மூடுவது பதினாறை ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்கு அதற்கும் பிறகு. விதியின் எண்களையும் இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது நாரி. பின்னுக்கு வளைகிற வித்தைகளில் கீழ் முள்ளந்தண்டின் பின்பக்க எலும்பில் மெல்லிய வெடிப்பு விழும். ஒரு காலில் நின்று பின்னால் சாயும்போது நாரியில் ஒரு பக்கம் குத்தினால் அது தசைப்பிடிப்பு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக்கூடாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். குதிக்கால் நோவும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வீங்குவதும் பத்து முதல் பதினான்கு வயதில் அடிக்கடி வரும். பாய்ச்சலைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்த வகுப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்தது மணிக்கட்டுப் பார்க்கும் முறை. தொடக்கத்தில் பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் இருந்து உள்ளங்கையை மெத்தையில் ஊன்றுகிறார்கள். மிஸ் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், மணிக்கட்டின் மேல்பக்கம் பெருவிரல் அடிக்கு நேராகத் தன் விரலால் அழுத்துகிறா, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "நோகுதா மகள்?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும், விளையாட விடமாட்டினம் என்ற பயம். அதனால்தான் முகத்தைப் பார்க்கிறா. புருவம் சுருங்கினால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கை ஊன்றும் வேலை இல்லை, வயிற்றுப் பயிற்சியும் கால் பயிற்சியும் மட்டும். இரண்டு கிழமைக்கு மேல் நோ தொடர்ந்தால் எக்ஸ்ரே எடுத்துக் காட்டாமல் உள்ளே எடுப்பதில்லை. கொழும்பில் பெரிய மண்டபங்கள் வைத்திருக்கும் இடங்களிலும் இப்படிப் பார்க்கிறார்கள் என்றால் நல்லது.

வித்தைகளை ஏற்றும் வரிசையும் சரியாக இருக்கிறது. ஐந்து முதல் ஏழு வயது வரை உருளல், தொங்கல், தாவல், விழுந்து எழும்பப் பழகுதல். குதித்து இறங்கும்போது பாதங்கள் இடுப்பு அகலத்தில், முழங்கால் மடிந்து, கால்விரல் பார்க்கும் பக்கமே முழங்காலும் பார்க்க வேண்டும். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரிந்தால் சேர் அந்த இடத்திலேயே நிறுத்தித் திரும்பச் செய்விக்கிறார். பின்னாளில் முழங்கால் சவ்வு அறுவது பல வேளை இந்தச் சரிவில் என்பதால் இது பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடம். எட்டு வயதளவில் பக்கவாட்டில் கை ஊன்றிச் சக்கரம்போல் சுழலும் கார்ட்வீலும், சுவரில் தலைகீழாகக் கையில் நிற்கும் ஹாண்ட்ஸ்டாண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க விடுவதில்லை, வயிறு சுவரைப் பார்க்க நிற்க வேண்டும். முதுகைச் சாய்த்தால் நாரி வில்லாக வளைந்து அந்த வளைவே பழக்கமாகிவிடும்.

எல்லாப் பெற்றோரும் கேட்பது பாக் ஹாண்ட்ஸ்பிரிங்கைத்தான். கைத்தொலைபேசியில் வீடியோ எடுக்க அழகாக இருக்கும். வாசலில் ஒரு தாய் கேட்டா, "மிஸ், இவளுக்கு எப்ப பின்னுக்குப் பாயக் குடுப்பீங்கள்? இவளின்ர வயதுப் பிள்ளையள் யூடியூப்பில பாயுதுகள்." மிஸ்ஸின் பதில்: "அக்கா, முதல்ல முப்பது செக்கன் சுவரில நாரி வளையாம நிக்கட்டும். பாலம் போட்டுக் காலைத் தூக்கித் திருப்பட்டும். பிறகு நானே குடுக்கிறன்."

அந்தப் பதிலில் ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை. பாக் ஹாண்ட்ஸ்பிரிங் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். பிள்ளை பின்னால் சாய்ந்து உட்காருவதற்குப் பதிலாக முழங்காலை முன்னுக்குத் தள்ளும். அப்போது உடம்பு பின்னால் நீளாமல் நேரே மேலே எழும்பிக் கீழே விழும். கை தலைக்குக் கிட்ட ஊன்றும், தோளில் பலம் இல்லாவிட்டால் முழங்கை மடியும், தலை தரையில் படும். இதற்கு மருந்து தைரியம் ஊட்டுவதில் இல்லை. தோள் பலமும், வயிற்றை உள்ளிழுத்து உடம்பை விறைப்பாகப் பிடிக்கும் பழக்கமும்தான் வேண்டும். முதுகில் படுத்துக் கையையும் காலையும் சற்றே உயர்த்தி, நாரி தரையில் ஒட்டியிருக்க 30 செக்கன் பிடிக்கும் அந்தப் பயிற்சியை இங்கே ஒவ்வொரு வகுப்பிலும் செய்விக்கிறார்கள். பாயப் பழக்கும்போது சரிவு மெத்தையில், ஒரு கை நாரியிலும் மற்றது தொடைக்குப் பின்னாலும் வைத்துத் தாங்குகிறார்கள். ஒரு நாளில் ஒரு பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் இல்லை. அந்த எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லித் தயவுசெய்து யாரும் நெருக்க வேண்டாம்.

குறைகளில் முதலாவது பிள்ளைகளைப் பிரிக்கும் முறை. உயரத்தை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள், மெத்தைகளைப் பகிர அது வசதி. ஆனால் உயரமான ஒன்பது வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு நின்று அவர்கள் செய்யும் எண்ணிக்கையைச் செய்ய வேண்டியிருக்கிறது, பின்தங்கி வளரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை சின்னவர்களோடு நின்று சலித்துப்போகிறது. சரியான முறை வயதையும் வளர்ச்சியையும் சேர்த்துப் பார்ப்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரம் குறித்தால் போதும். மூன்று மாதத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் ஏறினால் அந்தப் பிள்ளை குதிவளர்ச்சியில், அதாவது திடீரென்று வேகமாக வளரும் காலத்தில் நிற்கிறது, பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பன்னிரண்டை ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்குப் பதினான்கை ஒட்டி. அந்தக் காலத்தில் எலும்பு முந்தி நீண்டு தசை பிந்தி வரும். முந்தி செய்த வித்தை கைவிட்டுப் போகும், கால் விரியாது, பீமில் தடுமாறும். வீட்டில் இதைச் சோம்பல் என்று ஏசுவார்கள், பிள்ளை அழும். பாய்ச்சல்களை மூன்றில் ஒரு பங்காவது குறைத்து, பலப் பயிற்சியையும் அடிப்படையையும் கூட்டி, ஆறு மாதம் பொறுக்க வேண்டிய காலம் அது. உலகத்தில் நல்ல பிள்ளைகள் பலர் ஜிம்னாஸ்டிக்கை விட்டது இந்த ஆறு மாதத்தில்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். இந்த வகுப்பில் உயரம் குறிப்பதில்லை. சுவரும் பென்சிலும் இருக்கிறது, தொடங்கலாம்.

மணித்தியாலக் கணக்கில் கவலையில்லை. பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் கிழமைக்கு ஒரே விளையாட்டில் பயிலக்கூடாது என்பது சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. இங்கே மொத்தமே நாலரை மணித்தியாலம். போட்டிக் காலத்தில் சனி, ஞாயிறும் சேர்த்து ஒன்பது ஆகும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கூடுதல். பெரியவர்களுக்கு மட்டும் அந்த வகுப்பை வைத்துக்கொண்டால் நல்லது. பாடசாலை, ரியூஷன், பிறகு வகுப்பு என்று ஓடிவரும் பிள்ளை மத்தியானம் சாப்பிட்டதோடு வந்து நிற்கிறது. வகுப்புக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் ஒரு கதலி வாழைப்பழமும் இரண்டு துண்டுப் பாணும் கொடுத்து அனுப்புங்கள். எடை பார்க்கும் தராசு மண்டபத்தில் எங்குமே இல்லை, பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பயிற்றுநர்கள் பேசுவதுமில்லை. இதற்குத் தனியாக மதிப்பெண் கொடுக்கிறோம். வளரும் பெண் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும், எலும்பின் உறுதி குறையும், வெடிப்பு விழும். மெலிந்தால் நன்றாகச் சுற்றலாம் என்று சொல்லும் கோச்சிடமிருந்து பிள்ளையை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

பாதுகாப்பில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் லரி நாசர் என்ற அணி வைத்தியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்தது 2018இல் தண்டனையோடு உலகுக்கு முழுதாகத் தெரியவந்தது. பிரித்தானியாவில் ஜிம்னாஸ்டிக் பற்றி 2022இல் வெளியான வைட் விசாரணை அறிக்கை, பயிற்சி என்ற பெயரில் நடந்த உடல் துன்புறுத்தலையும் அவமானப்படுத்தலையும் பட்டியலிட்டது. இரண்டிலும் பல இடங்களில் இருந்தது, பெற்றோரை வாசலுக்கு வெளியே வைத்ததும் சின்ன வயதிலேயே பிள்ளையைத் தனியாக்கியதும். உவர்மலை மண்டபத்தில் வாசற்கதவு திறந்தே இருக்கிறது, பக்கத்தில் பத்துக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள், எந்த நேரமும் பெற்றோர் இருந்து பார்க்கலாம். தாங்கிப் பிடிக்குமுன் எங்கே பிடிக்கப்போகிறேன் என்று சேர் பிள்ளைக்குச் சொல்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தையும் அந்த விளம்பரம் இருக்கும் வாசலிலேயே ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது.

கருவிகளுக்கு வருவோம். தரை மெத்தைகள் மடிப்பு மெத்தை, நாலு சென்ரிமீற்றர் தடிப்பு. பாய்ந்து இறங்கும் இடத்தில் 20 சென்ரிமீற்றர் மெத்தை இரண்டு. ரெக்சின் உறை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு மெத்தைகள் சேரும் இடத்தில் பட்டி தேய்ந்து, பாரம் விழும்போது நாலு விரல் இடைவெளி விடுகிறது. கணுக்கால் அந்த இடைவெளிக்குள் போனால் முறிவுதான். புதுப் பட்டி தைக்கும் வரை மேலே ஒரு மெல்லிய மெத்தையைக் குறுக்காகப் போட வேண்டும், இது நாளைக்கே செய்யக்கூடியது. பீம் இரண்டு. ஒன்று தரையோடு, மற்றது முழங்கால் உயரம். சர்வதேச உயரமான 125 சென்ரிமீற்றருக்கு இங்கே யாரும் ஏறத் தேவையில்லை. அகலம் பத்து சென்ரிமீற்றர் சரியாக இருக்கிறது, அதுதான் முக்கியம்.

பிடித்துத் தொங்கி ஆடும் பார் விடயத்தில் மட்டும் கடலைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று பக்கமும் உப்புக்காற்று வீசும் ஊரில் இரும்புக்குக் கறள் பிடிக்காமல் இராது. பாரை நிலத்தோடு இழுத்துப் பிடிக்கும் கம்பியின் இறுக்குத் திருகில், மரையின் அடியில், மண்ணிறத் தூள் உதிர்ந்திருந்தது. மேலே பெயின்ற் பளபளவென்று இருக்கும், உள்ளே மரை தின்னப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துக் கிறீஸ் பூசுவதை மாதம் ஒருமுறை செய்தால் போதும், மாரி காலத்தில் இரண்டு முறை. கம்பியின் இழை ஒன்று அறுந்து முள்ளாக நின்றாலும் முழுக் கம்பியையும் மாற்ற வேண்டும். பிடி வழுக்காமல் கையில் பூசும் மெக்னீசியம் காபனேற்றுத் தூளும் வாடைக்காற்றுக் காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடுகிறது. மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால் சரி. கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தகரக் கூரைக்குக் கீழே நாலு மணிக்கு நிற்க முடியாது. அந்த மாதங்களில் ஐந்தரைக்குத் தொடங்கச் சொல்லிப் பெற்றோர் சேர்ந்து கேட்கலாம்.

போட்டிக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு: பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். தமிழில் உள்ள பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல், பாடசாலைப் பதிவிலும் கடவுச்சீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். முதலெழுத்தை விரித்த இடத்தில் அப்பாவின் பெயர் முன்னுக்கும் பின்னுக்குமாக மாறுவதுதான் வழக்கமான சிக்கல். 2009 முதல் சர்வதேசப் போட்டிக்குச் சம்மேளனத்தின் உரிம அட்டை வேண்டும். அதில் பிறந்த திகதி கடவுச்சீட்டிலிருந்து ஏறும், ஒருமுறை பதிந்தால் பிறகு மாற்றுவது சந்தேகத்தைக் கிளப்பும். கொழும்புப் போட்டிக்கு இரவு ரயிலில் போய்ப் பிள்ளையைக் காலையிலேயே பாரில் ஏற்றாதீர்கள். நித்திரை முறிந்த கை பிடி தவறும். முதல்நாள் போய்த் தங்கக் காசு இல்லாவிட்டால் அந்தப் போட்டியை விடலாம். பதினாறுக்கு முன் நடக்கும் எந்தப் போட்டியும் இழந்தால் திரும்பக் கிடைக்காதது அல்ல.

சேர்க்குமுன் சேரிடம் கேளுங்கள்: என் பிள்ளை எந்த வயதில் எதைத் தொடங்கும், குதிவளர்ச்சி வந்தால் எதைக் குறைப்பீர்கள், நோகுது என்று பிள்ளை சொன்னால் யார் முடிவெடுப்பது. இந்த வகுப்பில் முதற்கேள்விக்கும் மூன்றாவதுக்கும் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதுக்கு இன்னும் இல்லை. கேட்கும் பெற்றோர் கூடினால் அதுவும் வரும்.

முதலிரண்டு வகுப்புக்குக் கட்டணம் எடுப்பதில்லை. விலை கூடிய லியோடார்ட் எனும் ஜிம்னாஸ்டிக் உடை கட்டாயமில்லை, உடம்போடு ஒட்டிய ரி-சேட்டும் அரைக் காற்சட்டையும் போதும், தொளதொளப்பான சட்டை தாங்கும் கையில் சிக்கும். தலைமுடியை உச்சியில் கட்டாமல் கழுத்தடியில் கட்டிவிடுங்கள், உருளும்போது உச்சிக் கொண்டை கழுத்தைத் தள்ளும். காப்பு, கொலுசு, தோடு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அரைஞாண் கயிற்றையும்தான், பாரில் வயிறு பதியும்போது அதன் முடிச்சு தோலை உரித்துவிடும்.